கேக்குக்கு வாங்கிய பாட்டில்

அவையை அன்போடும் அமைதியோடும் நடத்திவரும் தலைவர், மருத்துவர் சுபாஸ்ரீ அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் முதியோர்களே, திராட்சைத் தோட்டத்து வேலையை முடித்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் பேருந்தில் நின்றுகொண்டே வந்த நண்பர்களே, கொஞ்சம் கேட்டுவிட்டு நழுவிவிடலாம் என்று வாசலோடு நிற்கும் பெரியவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

ஐந்து மணி என்று நோட்டீஸ் அடித்து, ஐந்து இருபதுக்குத் தொடங்கினீர்கள். தலைமையாசிரியையாக இருந்தவளிடம் மைக்கைக் கொடுத்தால் இதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் கூடும் இந்தச் சின்னமனூர்க் குழு, ஏழாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது. அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே 'வாழ்த்துரை' என்று போட்டிருக்கிறீர்கள். வாழ்த்தும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குடி எங்கே இருக்கிறது? சாலையோரத்திலா? சந்து முனையிலா? சட்டை கிழிந்தவன் வீட்டிலா? தேனியில் என் வீட்டுச் சமையலறை அலமாரியில் இருந்தது, ஐயா. கிறிஸ்துமஸ் கேக்குக்கான உலர்ந்த பழங்களைப் பிராந்தியில் ஊறப்போடுவது எங்கள் வீட்டு வழக்கம். என் கணவர் இருந்தவரை அக்டோபரில் ஒரே ஒரு ஜாடி. அவர் காலமான மறு வருடம் ஆகஸ்டிலேயே ஊறப்போட்டேன். அதற்கடுத்த வருடம் மார்ச்சில். பழம் அதே அளவு, பாட்டில்தான் கூடியது.

சிரியுங்கள் அம்மா, தடையில்லை. இப்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. ருசி பார்க்க ஒரு கரண்டி; கரண்டி டம்ளரானது. ஆனாலும் நான் குடிக்கவில்லை. கேக் செய்துகொண்டிருந்தேன்!

அந்தப் பாட்டில்களை வாங்கி வந்தவர், எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்த ஒச்சாண்டி. ஒரு நாள் காலையில் அவர்மேல் சாராய வாடை வந்தது. குடிகாரனுக்கு என் வீட்டில் இடமில்லை என்று அந்த நிமிடமே அனுப்பினேன். பின்கட்டில் அவருக்கென்று தனியாக ஒரு டம்ளர் வைத்திருந்தேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன், வைத்திருந்தேன். அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தன் ஊருக்குப் போனார்; எந்த ஊர் என்றுகூட நான் கேட்டதில்லை.

எனக்கு வாங்கித் தர வேறு ஆள் கிடைத்தது. கிடைக்காமலா போகும்?

ஒரு ஞாயிறு, ஆராதனையில் வேதம் வாசிக்க எழுந்தேன். கை நடுங்கிப் புத்தகம் விழுந்தது. சபையில் இருந்த செவிலியர் ஜெபராணி என்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். இப்படியே போனால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு நான் இருக்கமாட்டேன் என்றார்கள். பத்து நாள் படுத்துச் சிகிச்சை பெற்றுத் திரும்பினேன். உடம்பு தெளிந்திருந்தது, அலமாரி அங்கேயே இருந்தது. அப்போது ஜெபராணி தந்த சீட்டில் இருந்தது இந்தக் குழுவின் எண்.

தேனியிலும் ஒரு குழு உண்டு. அங்கே என்னிடம் படித்தவர்கள் இருப்பார்களே! அதனால் பேருந்தேறி, தெரிந்தவர் எவருமில்லாத சின்னமனூருக்கு வந்தேன். ஏதோ ஆய்வுக்கு வந்தவள் போலக் கையில் ஒரு ஃபைல் வேறு.

இங்கே ஒரு முறை இருக்கிறது. புதிதாக வருகிறவருக்கு, அவருக்கு முன்பு கடைசியாகச் சேர்ந்தவர்தான் தேநீர் ஊற்ற வேண்டும். கெட்டில் வந்தது. தூக்கி வந்தவர் ஒச்சாண்டி.

எழுந்துவிட்டேன். அலமாரி ஒரு பக்கம், அடுத்த கிறிஸ்துமஸ் ஒரு பக்கம். ஆனால் என் கால்கள் வாசலுக்குத்தான் திரும்பின. என்னை விரட்டிய வாய்தானே இது என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்க நியாயமும் இருந்தது. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“உக்காருங்க டீச்சர். இங்கன ஒங்கள யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாதுன்னே வச்சுக்கங்க. சீனி எம்புட்டு?”

உட்கார்ந்தேன். நான் குடித்தது அப்போதே தெரியுமா என்று மெல்லக் கேட்டேன்.

“தெரியாமயா? ரெண்டு வருசமா பாட்டிலா வாங்கிக் குடுத்தேன், ஒரு துண்டு கேக்கு கண்ணுல காட்டலயே நீங்க.”

அந்த அறையில் டம்ளர்கள் எல்லாம் ஒரே அடுக்கில் இருந்தன. எதை யார் எடுத்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. என் முறை வந்தபோது சொன்னேன்: “என் பெயர் இவாஞ்சலின். நான் கேக் செய்யவில்லை. குடித்தேன்.”

பின்னால் கைதட்டுகிறவரே, பொறுங்கள், பேச்சு முடியவில்லை. ஒச்சாண்டி அவர்களின் அனுமதி இல்லாமல் அவர் பெயரைச் சொல்வேனா? “சொல்லுங்க டீச்சர், சொன்னாத்தான் நாலு பேரு வருவாக” என்றார். மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்திருக்கிறாரே, அவர்தான். போன கிறிஸ்துமஸுக்குத் திராட்சைச் சாற்றில் பழம் ஊறவைத்துக் கேக் கொண்டுவந்தேன். முதல் துண்டு அவருக்கு. தின்றுவிட்டு, கொஞ்சம் காய்ந்துபோய்விட்டது என்று எனக்கே மதிப்பெண் குறைத்தார்!

நோய்க்கு மருத்துவர் வேண்டும். நம்பிக்கைக்கு இறைவன் வேண்டும். நம் பொய்யை நம் முகத்துக்கு நேரே, நோகாமல், சிரித்தபடி எடுத்துச் சொல்ல யார் வேண்டும்? அதே பொய்யைச் சொல்லித் தப்பிப் பிழைத்த ஒருவர் வேண்டும்! அவரைத் தேடித்தான் நான் பதினைந்து மைல் வந்தேன். அவரைத்தான் நான் என் வீட்டிலிருந்து விரட்டியிருந்தேன்.

வாசலில் நிற்பவர்களே, உங்களிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். குழு கூடுவது வியாழக்கிழமை, நான்கு மணி. நான்கு என்றால் நான்கு. எனக்குப் பின் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். முறைப்படி கெட்டில் என் கைக்கு வராது. இந்த வாரம் மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஊர் கேட்கமாட்டேன், பேர் கேட்கமாட்டேன். கேட்பது ஒன்றுதான்: சீனி எவ்வளவு?

இவ்வளவு நேரம் என் கண்டிப்பைப் பொறுத்துக் கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. தெளிவோடு வீடு திரும்புங்கள். வணக்கம்.