எதிராத்துப் பெட்டி

சங்கரன்: ...சரி, இன்னொரு தடவை சொல்லு. ப்ளேன் ஆடித்துன்னா?

விசாலம்: பெல்ட்டை இறுக்கிண்டு கண்ணை மூடிப்பேன். எத்தனை தடவைதான் கேப்பேள்?

சங்கரன்: வாந்தி வந்தா?

விசாலம்: சீட்டுக்கு முன்னாடி காகிதப் பை வெச்சிருப்பாளாம். ஏன்னா, ப்ளேன்ல போகப்போறது நானா, நீங்களா? உங்க முகம்னா வெளுத்துக் கிடக்கு!

சங்கரன்: எனக்கென்ன பயம்? நாளைக்கு இந்நேரம் நீ எந்தக் கடலுக்கு மேல இருப்பியோன்னு நெனச்சேன், அவ்வளவுதான்.

விசாலம்: நெனச்சா எனக்கே பயமாத்தான் இருக்கு. பேசாம, வரலைன்னு தந்தி அடிச்சுடலாமா?

சங்கரன்: அசடு! காது கேக்காத கொழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கற டீச்சர்லாம் ஒலகம் பூராவிலேர்ந்து லண்டன்ல கூடறா. பம்பாய்லேர்ந்து உன் ஒருத்தியைத்தான் கூப்பிட்டிருக்கா. இதை வேண்டாம்பாளா யாராவது?

விசாலம்: மேடையில நின்னுண்டு, இங்கிலீஷ்ல... நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும்.

சங்கரன்: ஒட்டிக்காது. அந்த தாராவிக் கொழந்தை... பேரென்ன...

விசாலம்: சைனப்.

சங்கரன்: அவளை எப்படிப் பேச வெச்சேன்னு சொல்லு. அது போதும்.

விசாலம்: நான் எங்க பேச வெச்சேன்? அவ கையை எடுத்து என் தொண்டையில வெச்சுண்டு 'அம்மா'ன்னேன். உள்ள அதிர்றதைத் தொட்டுப் பாத்தா. அப்புறம் தன் தொண்டையில தேட ஆரம்பிச்சா. மாசக்கணக்காத் தேடினா. ஒருநாள் கெடைச்சுடுத்து...

சங்கரன்: அதைத்தான் அங்க போய்ச் சொல்லுங்கறேன்.

விசாலம்: அதுக்கு லண்டன் போகணுமா? கிங்ஸ் சர்க்கிள்ல நின்னு சொன்னா ஆகாதா?

சங்கரன்: இந்தக் குறும்புக்கு ஒண்ணும் குறைச்சலில்லை.

விசாலம்: நான் இல்லாதப்போ கொழந்தை ராஜிக்கு ஜுரம் வந்தா?

சங்கரன்: முலுண்ட்லேர்ந்து அக்கா வரப் போறாளே, பாத்துப்பா.

விசாலம்: உங்க அக்கா ரசத்தை ராஜி தொடவே மாட்டா.

சங்கரன்: கொஞ்ச நாள் மோருஞ்சாதம் தின்னா ஒண்ணும் எளைச்சுட மாட்டா. நீ பேசாம போயிட்டு வா.

விசாலம்: நீங்க இத்தனை சொல்றேளேன்னுதான் போறேன். என் இஷ்டம்னு ஒண்ணும் இல்லை.

சங்கரன்: பாஸ்போர்ட்?

விசாலம்: பர்ஸ்ல.

சங்கரன்: டிக்கெட்?

விசாலம்: அதுவும் பர்ஸ்லதான்.

சங்கரன்: அம்மை குத்திண்டதுக்குக் குடுத்தாளே, மஞ்சப் புஸ்தகம்... அது? அது இல்லேன்னா சாந்தாகுரூஸ் ஏர்போர்ட்லயே நிறுத்திடுவா பாத்துக்கோ.

விசாலம்: அது கைப்பெட்டில.

சங்கரன்: எந்தக் கைப்பெட்டில?

விசாலம்: என்னன்னா இது! எதிராத்துல பாகீரதி மாமிகிட்ட பரஸ்தானம் வெச்சோமே, அந்தக் கைப்பெட்டில. நாளைக்கு வெள்ளிக்கிழமை, மேற்கே சூலம். ப்ளேனோ மேற்கே போறது. அதுக்குத்தானே நேத்து நல்ல நேரத்துல ஒரு சாமானை வாசப்படி தாண்டிக் கொண்டு வெச்சோம்? நாளைக்குப் போற வழியில அதை எடுத்துண்டா, நேத்தே கெளம்பினதா அர்த்தம்.

சங்கரன்: ஓ... அதுவா.

விசாலம்: நேத்து என்ன சிரிப்பு சிரிச்சேள்! 'பெட்டிக்குப் பஞ்சாங்கம் தெரியுமோ'ன்னு.

சங்கரன்: சிரிச்சேன்... இப்ப அதுக்கென்ன?

விசாலம்: போய் அந்தப் புஸ்தகத்தை எடுத்துண்டு வாங்கோ. பர்ஸ்லயே வெச்சுக்கறேன்.

சங்கரன்: இப்பவா?

விசாலம்: பின்ன, ப்ளேன் போனப்புறமா?

சங்கரன்: இல்லை... பரஸ்தானம் வெச்ச பெட்டியைத் தொடப்படாதோன்னோ?

விசாலம்: பேஷாத் தொடலாம். திருப்பி ஆத்துக்குள்ள கொண்டு வரத்தான் படாது. வந்தா பிரயாணம் தட்டிப் போயிடும். அங்கேயே தெறந்து எடுத்துண்டா தோஷமில்லை.

சங்கரன்: மாமி தூங்கிண்டிருப்பா.

விசாலம்: விளக்கேத்தற நேரத்துல யாரு தூங்குவா?

சங்கரன்: அப்போ கோவிலுக்குப் போயிருப்பா.

விசாலம்: போயிருக்கா. சாவியை என்கிட்ட குடுத்துட்டுத்தான் போயிருக்கா. இந்தாங்கோ.

சங்கரன்: அங்கயே வை, அப்புறமா எடுத்துக்கறேன்.

விசாலம்: என்ன, சாவி சுடறதா? நகருங்கோ, நானே போறேன்.

சங்கரன்: வேண்டாம்! இரு... விசாலம், போகாதே.

விசாலம்: எங்க போகாதே? எதிராத்துக்கா, லண்டனுக்கா?

சங்கரன்: ...உக்காரு. அந்தப் பெட்டி அங்க இல்லை.

விசாலம்: இல்லையா? பின்ன எங்க?

சங்கரன்: பரண்ல இருக்கு. பித்தளை அண்டாவுக்குப் பின்னால. நேத்து ஆபீஸ்லேர்ந்து சீக்கிரம் வந்துட்டேன். நீ ஸ்கூல்லேர்ந்து வரத்துக்குள்ள... 'விசாலம் கேட்டா'ன்னு மாமிகிட்ட பொய் சொல்லி வாங்கிண்டு வந்து வெச்சுட்டேன்.

விசாலம்: எதுக்கு?

சங்கரன்: திட்டாதே.

விசாலம்: திட்டலை. சொல்லுங்கோ.

சங்கரன்: பயமா இருக்குடி. ஆபீஸ்ல எல்லாருக்கும் பேடா வாங்கிக் குடுத்தேன். 'என் ஆம்படையா லண்டன் போறா'ன்னு கண்ணுல பட்டவாகிட்டல்லாம் சொன்னேன். சொல்றபோது பெருமையாத்தான் இருந்தது. ஆத்துக்கு வந்து உன் பெட்டியைப் பாத்தா அந்தப் பெருமையெல்லாம் பறந்துடறது. ப்ளேனை நெனச்சா ஒரு பயம். ப்ளேன் நன்னாப் போய்ச் சேந்துடுத்துன்னா இன்னொரு பயம்...

விசாலம்: அதென்ன இன்னொரு பயம்?

சங்கரன்: ஆபீஸ்ல திருவேங்கடம் சொன்னான்... அந்த ஊர்ல உன்னை மாதிரி டீச்சருக்கு அலையறாளாம். வந்தவாளை விடவே மாட்டாளாம். இங்க உனக்கு என்ன இருக்கு, சொல்லு. ஒரு ரூம், ஒரு கிச்சன். கார்த்தால குழாயைத் தெறந்தா காத்துதான் வரது. அப்புறம்... நான்.

விசாலம்: 'போகாதே'ன்னு வாயைத் தெறந்து சொல்லியிருக்கலாமே?

சங்கரன்: எந்த மூஞ்சியை வெச்சுண்டு? பேடா குடுத்தவன் நானாச்சே! நீயும் தெனம் வேண்டாம் வேண்டாம்னுதானே சொல்லிண்டிருக்கே? உனக்கும் இஷ்டமில்லை, எனக்கும் பயம். பெட்டி உள்ள வந்துடுத்துன்னா பிரயாணம் தானாத் தட்டிப் போகும், யாரும் யாரையும் தடுத்ததா இருக்காதுன்னு...

விசாலம்: பெட்டிக்குப் பஞ்சாங்கம் தெரியுமோன்னு கேட்டவர்!

சங்கரன்: கேலி பண்ணு, வேணும் எனக்கு. இரு, இப்பவே எறக்கிக் குடுத்துடறேன். ஸ்டூலைப் பிடிச்சுக்கோ.

விசாலம்: பிடிச்சுண்டுதான் இருக்கேன். பாத்து... அண்டா தலையில விழப்போறது.

சங்கரன்: விசாலம்...

விசாலம்: என்ன?

சங்கரன்: இங்க இல்லையே! இங்கதானே வெச்சேன்... அரிசி டின்னுக்குப் பின்னால? அங்கயும் இல்லை. ஐயோ, மஞ்சப் புஸ்தகம் அதுலன்னா இருக்கு! பாத்திரம் தேய்க்கற பாயி பரண்ல ஏறினாளா?

விசாலம்: கீழ எறங்குங்கோ.

சங்கரன்: விடிஞ்சா ப்ளேன்! தட்டிப் போகட்டும்னு நெனச்சேனே, பாவி... நெஜமாவே கெடுத்துட்டேனே! அந்தக் கொழந்தையைப் பத்தி யாருடி இனிமே அங்க போய்ச் சொல்லுவா?

விசாலம்: ஒண்ணும் கெடலை. எறங்குங்கோன்னா. பெட்டி எதிராத்து மாமிகிட்டதான் இருக்கு.

சங்கரன்: ...எப்படி?

விசாலம்: இன்னிக்குக் கார்த்தால மாடிப்படியில மாமி பிடிச்சுண்டா. 'என்னடி, பிரயாணம் நின்னுபோச்சா? உங்காத்துக்காரர் பெட்டியை வாங்கிண்டு போயிட்டாரே'ன்னா. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. நீங்க பால் வாங்கப் போயிருந்தேள். பரணைப் பாத்தா அண்டா ஒரு பக்கமா நகர்ந்து கிடக்கு. குரு ஹோரை முடியறத்துக்குள்ள கொண்டு போய் வெச்சுட்டு வந்தேன்.

சங்கரன்: ஒரு வார்த்தை சொல்லலையே நீ!

விசாலம்: நீங்களாச் சொல்லுவேளான்னு பாத்தேன்.

சங்கரன்: திரும்பி வருவியோன்னோ?

விசாலம்: நன்னாருக்கு! ராஜி இங்க, நீங்க இங்க. சைனப் 'அம்மா'தான் சொல்லியிருக்கா, 'அப்பா' இன்னும் வரலை. வராம எங்க போவேன்?

சங்கரன்: அப்போ... உனக்குப் போகணும்னு ஆசையா?

விசாலம்: நகருங்கோ, இந்த ஸ்டூலை உள்ள வெச்சுட்டு வரேன்.

சங்கரன்: என்னைப் பாத்துச் சொல்லு.

விசாலம்: ஆசையாவா! கூப்பிட்ட நாள்லேர்ந்து மாவரைக்கறபோதெல்லாம் அந்தப் பேச்சைச் சொல்லிண்டேதான் அரைக்கறேன். குழவிச் சத்தத்துல உங்களுக்குக் கேக்காதோன்னோ.

சங்கரன்: அடிப்பாவி! பின்ன எதுக்கு தெனம் வேண்டாம் வேண்டாம்னே?

விசாலம்: நான் வேண்டாம்னதுனாலதானே நீங்க போ போன்னேள். போகணும்னு ஒருநாள் வாயைத் தெறந்து சொல்லியிருந்தா, அந்தப் பெட்டியை எனக்கு எட்டாத எடத்துலன்னா வெச்சிருப்பேள்!