பாய்லர் தெருப் பலகை

கொஞ்சம் இருங்க... ஒரு சின்னக் கதை சொல்லிடுறேன். கேட்டுட்டு, கை தட்டுறதா கல்லைத் தூக்குறதான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. மேடை லேசா ஆடுது... ஆடட்டும், பரவாயில்ல.

இதே தொகுதிதான். இங்கேர்ந்து மூணு பஸ் ஸ்டாப் தள்ளி, பழைய மில்லுக்குப் பின்னாடி பாய்லர் தெரு. நான் பொறந்த தெரு. ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் மில் சுவர். நடுவுல ஆறடி. அந்த ஆறடியில நாலடி திறந்த சாக்கடை! மிச்சம் ரெண்டடியிலதான் மனுஷன் நடக்கணும்.

எழுபத்தேழுல இருந்து எங்க தொகுதிக்குப் பதினோரு பொதுத்தேர்தல், ஒரு இடைத்தேர்தல். வக்கீல் ஜெயிச்சாரு. மில் முதலாளியோட மச்சான் ஜெயிச்சாரு. ஒருத்தர் எண்ணூறு ஓட்டுல ஜெயிச்சு மந்திரியே ஆனாரு. இன்னொருத்தர் ஜெயிச்ச நாலாம் மாசம் தவறிட்டாரு. அந்த இடைத்தேர்தலுக்கு எங்க தெருவுல எத்தனை மந்திரிங்க நடந்தாங்க தெரியுமா? ஒன்பது பேரு! நடுவுல தொகுதிக்குப் பேரையே மாத்தினாங்க. தெற்கா இருந்தது மேற்கா ஆச்சு. சாக்கடை மட்டும் இருந்த இடத்துலயே இருந்துச்சு.

ஏன் இருந்துச்சு? "எல்லாரும் அயோக்கியங்க"ன்னு சொல்வீங்க. சரி, சொல்லுங்க... ஆனா நாங்க என்ன பண்ணினோம்னு கேட்டுட்டுச் சொல்லுங்க!

வேட்பாளர் வர்றாருன்னு சேதி வந்ததும் தெருவே பரபரன்னு ஆயிடும். நான் அப்ப கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் வேலை. கான்ட்ராக்டர் கைல கால்ல விழுந்து பலகை வாங்கிட்டு வருவேன். முனையில இருந்து முனை வரைக்கும் சாக்கடையை மூடுவோம். பலகை மேல செம்மண் கொட்டுவோம். ஓரத்துல பிளீச்சிங் பவுடர். அதுக்கு மேல பொம்பளைங்க கோலம் போடுவாங்க. கேட்டா என்ன சொல்வோம்? "வீடு தேடி வர்றவரு மூக்கைப் பொத்திக்கிட்டா வரணும்? நம்ம மானம் என்னாவறது?" மறுநாள் காலையில பலகையைத் திருப்பிக் குடுத்துடுவோம்.

எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி பவுனம்மா. அப்பளம் போட்டு விக்கிறவங்க. வீட்டுக்காரர் மாசிலாமணி, மில்லுல பாய்லர் பார்த்தவரு. ஒரு மழையில ரெண்டடி எது, நாலடி எதுன்னு தெரியாம உள்ள விழுந்தாரு. இடுப்பெலும்பு போச்சு. படுத்தவரு எந்திரிக்கல.

பவுனம்மா மனு எழுதிக்கிட்டு எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போனாங்க. கூட நானும் போனேன். அவரு மனுவைப் படிச்சாரு. நிமிர்ந்து பார்த்தாரு.

"பாய்லர் தெருவா? நான் நடந்து வந்தேனேம்மா! செம்மண் ரோடு, அவ்வளவு அழகா கோலம் போட்டிருந்தீங்க... அங்க ஏதும்மா சாக்கடை?"

அவரு பொய் சொல்லல, தோழர்களே! அந்த மனுஷன் நிஜமாவே பார்க்கல! பார்க்க விடாம பண்ணினது யாரு? பவுனம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெளிய வந்துட்டாங்க. அந்தக் கோலம் அவங்க போட்டது.

அடுத்த தேர்தல் வந்துச்சு. அதே ஆளு, வேற கட்சி. அதே பலகை, அதே செம்மண். மேளம் தெருமுனைக்கு வந்தாச்சு. பவுனம்மா வெளிய வந்தாங்க. தன் வீட்டுக்கு நேரா இருந்த பலகையை மண்ணோட புரட்டித் தள்ளிட்டு, பக்கத்துலயே உக்காந்துட்டாங்க. வேட்பாளர் கும்பிட்ட கையோட வந்தாரு... நின்னுட்டாரு.

"என்னம்மா இது?"

"இதுதாங்க எங்க தெரு. போன தடவை நீங்க பார்க்காதது. இதுலதான் எங்க வீட்டுக்காரர் விழுந்தாரு."

தெரு என்ன பண்ணியிருக்கணும்? பவுனம்மா பக்கத்துல போய் உக்காந்திருக்கணுமா, இல்லையா? நாங்க என்ன பண்ணினோம் தெரியுமா? பவுனம்மாவைத் திட்டினோம்! "ஏய், வந்தவர் முன்னாடி மானத்தை வாங்குறியே!" ரெண்டு பேர் அவங்க கையைப் பிடிச்சு உள்ள இழுத்தாங்க. ஒருத்தன் ஓடிப் போய் அந்தப் பலகையைத் தூக்கி மறுபடி போட்டான். வேட்பாளர் அது மேல நடந்து போனாரு. ஜெயிச்சாரு.

யாரு அந்த ஒருத்தன்?

நான்தான்!

அந்த ஐப்பசியில மாசிலாமணி செத்தாரு. பாடையை எடுக்கணும். ரெண்டடியில எப்படி எடுக்குறது? கான்ட்ராக்டர்கிட்ட ஓடினேன். "தேர்தலா என்ன? பலகை சைட்டுல இருக்கு, போய்யா"ன்னுட்டாரு. ரெண்டு பேர் ஓரத்துல, ரெண்டு பேர் சாக்கடைக்குள்ள... முழங்கால் வரைக்கும் இறங்கித் தூக்கிட்டுப் போனோம். இறங்கின ரெண்டு பேர்ல நான் ஒருத்தன். ஓட்டுக் கேக்க வர்றவனுக்குப் பலகை போட்ட கை, கூடப் பொறந்தவர் மாதிரி இருந்த மாசிலாமணிக்கு ஒண்ணு போட முடியல. இன்னைக்கு நினைச்சாலும் எனக்கு என் மேலதான் ஆத்திரம் வருது.

கதை அவ்வளவுதான். இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? வர்ற செவ்வாய்க்கிழமை உங்க தெருவுக்கு வேட்பாளர் வர்றாராமே. வாசல்ல செம்மண் குவிச்சிருக்கீங்க, வரும்போதே பார்த்தேன். ஏமாத்துறவனைத் திட்டுங்க, நல்லாத் திட்டுங்க... ஆனா அவன் கண்ணை மூடிவிடுற வேலையை நாம பார்க்க வேண்டாம்! மானம் போகட்டும். அது நம்ம மானம் இல்ல, அவங்க மானம்!

இன்னொண்ணு... மேடை ஆடுதுன்னு சொன்னேனே. கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. இது எது மேல நிக்குது? எனக்குமா மறைக்கிறீங்க? பிளீச்சிங் பவுடர் வாசத்தை நான் கண்டுபிடிக்க மாட்டேனா?

இதோ, இறங்கிட்டேன். கை தட்டாதீங்க. ரெண்டு பேர் முன்னாடி வாங்க... அந்தப் பக்கம் பிடிங்க. இந்தப் பலகையை இப்பவே தூக்கணும்.