அவர் எழும்பினால் சத்தம் கேட்கும்

அந்தப் பெட்டியில் ஒரு பிழையும் இருக்கவில்லை. இதை முதலில் பதிந்துகொள்ளுங்கள், பொலிஸ் ஐயா. நகரசபைக் கவுன்சில் இரவலாகக் கொடுத்த சாமான், கடைசி நாள்வரை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அதைக் கொண்டுவந்து தந்த பெண்ணையும் யாரும் குறை சொல்லக்கூடாது.

நான் சொல்வதை ஆங்கிலத்தில் மாற்றும் தம்பிக்காக ஆறுதலாகவே சொல்கிறேன். களைத்தால் சொல்லுங்கள், நிறுத்துகிறேன்.

என் பெயர் சிவமலர். பரமேஸ்வரனின் மனைவி. எண்பத்தைந்தாம் ஆண்டு மகள் நிர்மலாவையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தேன். அவர் முன்னமே வந்து, தோர்ண்டன் ஹீத்தில் ஸ்டேசனுக்குக் கிட்ட ஒரு வீடு எடுத்திருந்தார். பெற்றோல் ஷெட்டில் வேலை. நல்ல உயரம். கோயில் காரியம் என்றால் முன்னுக்கு நிற்பார், யார் வீட்டில் செத்தவீடு என்றாலும் முதல் ஆளாகப் போவார். அவரைப் பற்றி ஒருவரும் கூடாமல் சொல்லமாட்டார்கள். நானும் சொன்னதில்லை.

வீட்டில் அவர் கதிரையில் இருக்கும்வரை எனக்குப் பயமில்லை. இருந்துகொண்டு அவர் ஒருநாளும் அடித்ததில்லை. எழும்பித்தான் அடிப்பார். முதலில் கதிரைக்கால் நிலத்தில் உரசும். பிறகு அவருடைய முழங்கால் மளுக்கென்று நெரியும். அந்த இரண்டு சத்தங்களுக்கும் நடுவில் நான் அடுப்பை நிறுத்திவிடுவேன், கறி அடிப்பிடிக்கக்கூடாது என்று. காரணங்கள் இருந்தன. அவற்றை இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சத்தங்கள்தான் நினைவிருக்கின்றன. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் இறங்குவதற்கு எழும்பினாலும் என் கை வயிற்றைப் பொத்திக்கொள்ளும். அப்படியே பழகிப்போனது.

தொண்ணூற்று மூன்றில் வேலையிடத்தில் விழுந்தார். பாரிசவாதம். வலது கையும் காலும் வழங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல்தான் மிச்சம், ஆமாம் என்பதற்கு எங்கள் ஆட்கள் சொல்லும் சொல். ஓம். பசிக்கிறதோ என்றாலும் ஓம், பசியில்லையோ என்றாலும் ஓம். இல்லை என்று சொல்ல நினைத்தாலும் வாயில் ஓம்தான் வரும், ஆனால் அப்போது கண்ணை இறுக்கி மூடுவார். கவனித்துப் பார்க்கிறவர்களுக்கு விளங்கும். எனக்கு முதல் நாளே விளங்கியது. அவருடைய முகத்தைக் கவனித்துக் கவனித்துத்தானே நான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தினேன்.

ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு விட்டபிறகு கவுன்சிலிலிருந்து கத்தரின் என்ற வெள்ளைக்காரப் பிள்ளை வந்துபோனாள். நடக்கப் பழக்குகிறவள். நல்ல பிள்ளை, சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவாள். அவள்தான் அந்த அலாமைக் கொண்டுவந்தாள். மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய ரப்பர் தட்டு, அதிலிருந்து கட்டிலடிக்கு ஒரு சின்ன வயர். உடம்பின் பாரம் அதைவிட்டு எடுபட்டால், கீழே குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி, ரேடியோபோல வயர் இல்லாமலே, கீச்சிடும். சத்தம் கேட்டால் ஓடிப்போய் அவரைப் பிடித்து நாலு அடி நடக்க வையுங்கள் என்றாள். இது அவரைத் தடுப்பதற்கு இல்லை, அவர் எழும்பும்போது நீங்கள் பக்கத்தில் இருப்பதற்குத்தான் என்று இரண்டு தரம் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

முதல் தரம் அது கத்தியபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். என் கை தன்பாட்டில் அடுப்பை நிறுத்தியது. பிறகு வெகுநேரம் குசினிச் சுவரில் சாய்ந்து நின்றேன். ஒருவரும் இறங்கி வரவில்லை. மெல்ல மேலே போய்ப் பார்த்தேன். கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டபடி இருந்தார். என்னைக் கண்டதும் தோளை உள்ளே இழுத்து, நல்ல கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தார். செய்யக்கூடாததைச் செய்து பிடிபட்ட ஆளைப்போல. அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். குளியலறைக் கண்ணாடியில் பல வருடம் பார்த்தது.

"படுங்கோ," என்றேன். "எழும்பினா விழுந்துபோவியள்."

"ஓம்," என்று சொல்லிக் கண்ணை மூடினார். நான் காலைத் தூக்கி வைத்துப் போர்த்திவிட்டேன்.

நான் அவருக்கு ஒருநாளும் அடிக்கவில்லை. ஒரு கடும் சொல் சொன்னதில்லை. பக்கத்துவீட்டில் கேட்டுப்பாருங்கள். அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டுபோய்க் கீழே வைத்தேன், தடுக்கும் என்று. ஊன்றுதடியையும் எடுத்தேன். கட்டிலைச் சுற்றி நிலத்துக்கு மெழுகு போட்டு மினுக்கினேன், துப்புரவு எனக்கு எப்போதும் பிடிக்கும். பெட்டி கத்தினால் மேலே போகும்போது பெட்டியையும் கொண்டுபோனேன். அவர் படுக்கும்வரை அதை அவருடைய காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பேன். படுத்த பிறகும் கொஞ்சநேரம். அதில் சோதித்துப் பார்க்க என்று ஒரு பொத்தான் இருந்தது, அமத்தினால் கத்தும். சில நாட்களில் அவர் அசையாமல் கிடக்கும்போதும் போய் அமத்திப் பார்த்தேன். வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டாமா. அவருக்குக் கண்ணால் தண்ணீர் ஓடும். அதை அடி என்று யாராலும் சொல்ல ஏலாது.

சில வாரங்களில் பெட்டி அடங்கிவிட்டது. எழும்புவதைவிடப் படுக்கையை நனைப்பது அவருக்குச் சுகமாகப் பட்டது. நான் முகம் சுளிக்காமல் விரிப்பு மாற்றினேன். கோயிலில் கண்டவர்கள் என் கையைப் பிடித்து, உன்னைப்போல ஒருத்தி கிடைக்க அவர் புண்ணியம் செய்திருக்கவேண்டும் என்றார்கள். குசினியில் பாட்டுப் போட்டுக் கேட்கத் தொடங்கினேன். அதுவரை நான் பாட்டுப் போடுவதில்லை. போட்டால் கதிரைச் சத்தம் காதில் விழாது.

கத்தரினுக்கு இது பிடிபடவில்லை. கால் தேறியிருக்கிறது, ஏன் நடக்கிறாரில்லை என்று அவரையே கேட்டாள். "பரமேஸ்வரன், உங்களுக்கு நடக்க விருப்பமா?"

"ஓம்," என்றார். கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருந்தார். தலையையும் ஆட்டினார்.

அவள் என்னைப் பார்த்தாள். அது எங்கள் மந்திரம் என்றேன். இவர் எல்லாவற்றையும் கடவுளிடம் விட்டுவிட்டார், பிரார்த்திக்கிறார் என்றேன். தலையாட்டுகிறாரே என்றாள். எங்கள் ஆட்கள் வேண்டாம் என்பதற்கும் அப்படித்தான் ஆட்டுவார்கள் என்றேன். அவளுக்கு ஓம் என்ற மந்திரம் தெரிந்திருந்தது, யோகா வகுப்பில் சொல்லுவார்களாம். அவருக்கு முன்னால் கையைக் கூப்பி மரியாதையாக நின்றாள். அவருக்கு ஆங்கிலம் முழுக்க விளங்கும். "ஓம், ஓம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார், சத்தமாக. கத்தரின் மெல்லமாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மகளுக்கு அந்தக் கதை எடுபடாது. நிர்மலா கனடாவில் கலியாணம் முடித்திருக்கிறாள். தொண்ணூற்று ஐந்து கோடையில் வந்து ஒரு கிழமை முழுக்க நின்றாள். அவளுக்கு முன்னால் நானே கேட்டேன். "நான் உங்களை நல்ல வடிவாப் பாக்கிறனோ?" ஓம் என்றார். "படுத்திருக்கத்தானே விருப்பம்?" ஓம் என்றார். கண்ணை இறுக்கி மூடினார். அப்பாவுக்குக் களைப்பு என்று நிர்மலா விரிப்பை இழுத்துவிட்டாள்.

ஆனால் போகும்போது வாசலில் நின்று, "அம்மா, நீங்கள் அறைக்குள்ளை வந்தா அப்பா பயப்பிடுறார்," என்றாள். "கட்டிலோடை ஒட்டிக்கொண்டு போறார். ஏனம்மா?"

"பாரிசவாத வருத்தக்காரர் அப்பிடித்தான் பிள்ளை," என்றேன்.

அவள் நம்பவில்லை. கனடாவிலிருந்து கவுன்சிலுக்குப் போன் எடுத்து, தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்பி அப்பாவிடம் நேரே கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். பியற்றிஸ் என்று மன்னார்ப் பிள்ளை ஒருத்தி, மொழிபெயர்ப்பாளர், வியாழக்கிழமை காலை கூட வருவாள் என்று கத்தரின் போனில் சந்தோசமாகச் சொன்னாள். நான் நன்றி சொல்லி வைத்தேன். வைத்தபிறகு என் கை தன்பாட்டில் அடுப்பை நிறுத்தப் போனது, அடுப்பு எரியவே இல்லை. அந்தப் பிள்ளை தன் கேள்விகளைக் கேட்பாள். அவர் கண்ணைத் திறந்து பதில் சொல்வார். பிறகு அவரை நடக்க வைப்பார்கள். நடக்கிற மனிதர் கீழே வருவார். கீழே அவருடைய கதிரை இருந்தது.

கதிரையை ஏன் எறியவில்லை என்று நேற்றுக் கேட்டீர்கள். அது அவருடைய கதிரை அல்லவா. கேட்காமல் எப்படி எறிவது.

வியாழக்கிழமை காலை அவரைத் துடைத்து, ஆட்கள் வருவார்கள் என்று போடுவதற்கு நல்ல சேட்டு ஒன்றைக் கட்டிலில் எடுத்து வைத்துவிட்டுக் கீழே வந்தேன். ஆள் நித்திரை, எழுப்ப ஏலாது என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்பதுதான் என் எண்ணம். அதற்குமேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. தேநீருக்குத் தண்ணீர் வைத்தபோது பெட்டி கத்தியது.

நிற்பாட்டாமல் கத்தியது. படிக்கட்டுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன். மேல்படியில் நின்றார். அந்தச் சேட்டைத் தானே போட்டிருந்தார், பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன. சுவரைப் பிடித்தபடி நேராக நின்றார். அவர் நின்று நான் பார்த்து இரண்டு வருடம். அவ்வளவு உயரம் என்பதை மறந்துபோயிருந்தேன்.

ஓடவேண்டும் என்று நினைத்தேன், ஆனால் கால் மேலே ஏறியது. பயந்தால் கிட்டப் போய் நிற்பது என் பழக்கம். தூர நின்றால் அடி பலமாக விழும்.

கைப்பிடி அவருடைய வழங்காத பக்கத்தில் இருந்தது. அதனால் இடது கையை என்னிடம் நீட்டினார். பிடிக்கத்தான் நீட்டினார், எனக்குத் தெரியும். நான் பிடித்தேன். ஒரு படி இறங்கினார். அடுத்த படியும் இறங்கினார். உடம்பின் முழுப் பாரத்தையும் என் கையில் போட்டார். முகத்தில் வேர்வை. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார், வாயின் ஒரு பக்கம் மட்டும் விரிந்தது. அவருடைய முழங்கால் மளுக்கென்று நெரிந்த அந்தச் சத்தம் கேட்டது.

நான் கையை விட்டேன்.

தள்ளவில்லை. பிடித்திருந்ததை விட்டேன், சுவரோடு ஒதுங்கினேன். என்னைக் கடந்துதான் விழுந்தார்.

எங்கள் வீட்டில் படி இறங்கினால் நேரே தெருக்கதவு. கதவடியில் கிடந்தார், கால் ஒன்று மடங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. அந்த நேரம் மணி அடித்தது.

நான் படியில் இருந்துவிட்டேன். திரும்பவும் மணி. பிறகு கதவில் கடிதம் போடும் இடுக்கின் மூடியைத் தூக்கி ஒரு பெண் குரல், எங்கள் தமிழில். "அம்மா, உள்ளுக்கை ஆரும் இருக்கிறியளோ?"

"ஓம்," என்றார் அவர், நிலத்தில் கிடந்தபடி.

கத்தரினின் குரல் ஆங்கிலத்தில் சொன்னது: அவர்தான், பிரார்த்திக்கிறார், நாங்கள் கொஞ்சம் பொறுப்போம்.

"இல்லை, நான் கேட்டதுக்குத்தான் பதில் சொல்றார்," என்றாள் மற்றவள், ஆங்கிலத்தில். பிறகு தமிழில், "ஐயா, விழுந்திட்டியளோ?"

"ஓம்."

"அம்மா வீட்டிலை நிக்கிறாவோ?"

"ஓம்."

அவருடைய கண் என்னைப் பார்த்தது. ஒவ்வொரு ஓமும் முந்தினதைவிடத் தெளிவாக வந்தது. அவள் அடுத்ததாக என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. "ஐயா, அவ உங்களை ஏதும்..." என்று தொடங்கினாள்.

நான் இறங்கிப்போய் அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, அவருடைய வாயைப் பொத்தினேன். மூக்கும் சேர்ந்துவிட்டது. என் கை சிறியது, இரண்டு கையாலும்தான் பொத்தவேண்டியிருந்தது. இடுக்கால் பியற்றிஸ் கண்டது அதைத்தான். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. அவர் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார், ஆனால் இறுக்கவில்லை. வெளியே அவர்கள் கதவை இடித்தார்கள். அந்தக் கதவு பலமானது.

விழுந்ததில் இடுப்பெலும்புதான் முறிந்தது, அதனால் சாகமாட்டார் என்று டொக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். டொக்டர் சொல்வது சரி. கதவு உடைகிறவரை நான் கையை எடுக்கவில்லை. அவருடைய பிடி தளர்ந்த பிறகும் எடுக்கவில்லை.

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவருக்குப் பக்கத்தில் நான் பயமில்லாமல் இருந்தது அந்தக் கொஞ்சநேரம்தான். இவ்வளவு காலமும் இரண்டு பேரும் மாறி மாறிப் பயந்தோம். கடைசியில் அவர் என் கையை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தால், அவருக்கும் பயம் தெளிந்திருக்கும் என்றுதான் நம்புகிறேன்.