பழம் என்றால் அதற்கு உயிர்

கூடாரத்துக்குள் குளியல்தொட்டி இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பித்தளைக் குழாய், வெள்ளை வெளேரென்று துண்டுகள், பெரிய மரக்கட்டில், மேலே கொசுவலை. மான்ட்ரியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில் நாங்கள் இருக்கும் அபார்ட்மெண்டில்கூட அவ்வளவு பெரிய குளியலறை கிடையாது. கென்யாவில் ஒரு தனியார் வனவிலங்குக் காப்பகம், 1974 ஆகஸ்ட். அந்த விடுமுறையைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள், டாக்டர். எந்த மொழியில் அழுகை வருமோ அந்த மொழியில் எழுதுங்கள் என்றீர்கள். அழுகை வரவில்லை. இருந்தாலும் தமிழிலேயே எழுதுகிறேன். மொழிபெயர்க்க யாரையாவது பிடிப்பீர்கள். எதையும் விட்டுவிடாத ஆளாகப் பாருங்கள்.

என் மகள் சுபத்ராவுக்கு இப்போது பத்து வயது. பள்ளியில் பேசுகிறாள், அப்பாவிடம் பேசுகிறாள், தெருமுனைச் சில்லறைக் கடைக்காரரிடம் பிரெஞ்சில் வாயடிக்கிறாள். என்னைக் கண்டால் மட்டும் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஏன் என்பதுதானே உங்கள் கேள்வி.

சரளா அக்கா என் கணவரின் மூத்த சகோதரி. சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். 69 ஜனவரியில், சுபத்ரா பிறந்த வாரம், மூன்று மாதத்துக்கென்று திருச்சியிலிருந்து வந்தார். ஐந்து வருஷம் இருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதுதான் என் கஷ்டமே. நான் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் திசுக்களைப் பார்த்து நோய் சொல்லும் டாக்டர். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது குழந்தை குளித்து, சாப்பிட்டு, அக்காவின் மடியில் தூங்கியிருக்கும்.

ஒரு தடவை சுபத்ரா பனியில் சறுக்கி விழுந்து, மோவாய் கிழிந்து, ரத்தத்தோடு உள்ளே ஓடிவந்தாள். வாசலில் நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். என்னைச் சுற்றிக்கொண்டு ஓடி, சமையலறையில் அத்தையின் புடவையில் முகத்தைப் புதைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? அக்கா கெட்டவர் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

என் கணவர் பாலசந்திரன் பொறியாளர். நைரோபியில் அவருக்கு ஒரு மாநாடு. அதையொட்டிக் குடும்பத்தோடு நாலு நாள் கூடாரத்தில் தங்க ஏற்பாடு செய்திருந்தார். முதல் நாள் காலை, ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே சொன்னார்.

"அக்கா இங்கேருந்து நேரா பம்பாய் போறா. குட்டியையும் கூட அனுப்பிடலாம். கொஞ்ச வருஷம் திருச்சியில படிக்கட்டுமே. உனக்கும் வேலைக்குப் போக சௌகரியம்."

"என்னை யாரும் கேக்கவே இல்லையே" என்றேன்.

"இப்ப கேக்கறேனே."

டிக்கெட் வாங்கியாயிற்று, வெள்ளிக்கிழமைக்கு. அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டு, "நான் என் கண்ணுல வெச்சுப் பாத்துப்பேன், கிரிஜா" என்றார். நான் கெஞ்சிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். கணவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மறுநாள் சின்ன விமானத்தில் மாநாட்டுக்குப் போய்விட்டார். படித்தவள், சம்பாதிக்கிறவள், உடம்பின் கோளாறுக்கெல்லாம் பெயர் தெரிந்தவள். என் குழந்தையை என்னிடம் வைத்துக்கொள்ள ஒரு வழி தெரியவில்லை.

அவர் போன அன்று சங்கடஹர சதுர்த்தி. அக்கா விரதம். ராத்திரி நிலவு பார்த்த பிறகுதான் சாப்பாடு. பிள்ளையாருக்கு நைவேத்தியம் செய்ய, சாப்பாட்டுக் கூடாரத்திலிருந்து நாலு வாழைப்பழம் எடுத்துவந்து துணியில் சுற்றி வைத்திருந்தார். கூடாரத்தில் பழம் வைக்கக்கூடாது என்று முதல் நாளே காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்துப் போட்டது நான். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். கூடாரத்துக்கு முன்னால் இருந்த பலகை மேடையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். நாற்பதடி தள்ளி, மரத்தடியில், ஒரு ஒற்றை யானை வந்து நின்றது. வழிகாட்டி ஜோசப் குனிந்து என் காதோரம் சொன்னார். இது குணம் கெட்டது, போன மாதம் ஒரு ஜீப்பைப் புரட்டிவிட்டது, பலகையை விட்டுக் கீழே காலை வைக்காதீர்கள், பின்பக்கமாக வண்டியைக் கொண்டுவருகிறேன்.

அக்காவின் கண் நிறைந்திருந்தது. "சதுர்த்தியும் அதுவுமா தானா வந்து நிக்கறார் பாரேன். அவன் என்ன சொல்றான்?"

நான் ஜோசப்பிடம், அதற்கு வாழைப்பழம் பிடிக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சிரித்தார். பழம் என்றால் உயிர், அதனால்தானே கூடாரத்தில் பழம் வேண்டாம் என்கிறோம் என்றார்.

"பழம்னா அதுக்கு உயிராம், அக்கா" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு பொய் கிடையாது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜோசப் வண்டியை எடுக்கப் போனார். அக்கா மலைக்கோட்டையில் வாராவாரம் கோயில் யானைக்குப் பழம் கொடுத்து, தும்பிக்கையைத் தலையில் வாங்கி வளர்ந்தவர். வேறு விதமான யானையை அவர் பார்த்ததே இல்லை. பழத்தை எடுத்துக்கொண்டார். "குட்டி நல்லபடியா ஊர் போய்ச் சேரணும்னு வேண்டிண்டு வரேன்" என்றார். கடைசிப் படியில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு இறங்கினார்.

சுபத்ராவுக்கு ஆங்கிலம் தெரியும். என்னை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் ஜோசப் சொன்னது முழுவதும் அவள் காதில் விழுந்திருந்தது. அத்தை என்று கூப்பிட வாயைத் திறந்தாள். நான் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பொத்தினேன். கடித்தாள். அந்தப் பல் தடம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது, நீங்கள் பார்க்கலாம்.

அக்காவின் சாவை விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். விருந்தினரைத் தனியே விட்டுப் போனதற்காக ஜோசப்புக்கு வேலை போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். பாவம், நல்ல மனிதர். என் கணவர் இதுவரை என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. சுபத்ராவின் பம்பாய் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, மூன்று பேரும் மான்ட்ரியலுக்குத் திரும்பினோம்.

எதையும் விடக்கூடாது என்று உங்களிடம் சொல்லிவிட்டு நானே ஒன்றை விடுவது சரியில்லை. பாதி தூரத்தில் அக்கா நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். யானை காதை விரித்திருந்தது. போகட்டுமா, வேண்டாமா என்று அவர் முகம் கேட்டது. என் ஒரு கை குழந்தையின் வாய்மேல் இருந்தது. இன்னொரு கையால், போங்கள் என்று காட்டினேன்.

குழந்தை கத்தினால் யானை மிரண்டுவிடுமே என்று பயந்துதான் வாயைப் பொத்தினேன். சுபத்ராவிடம் நீங்கள் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். ஒரு தடவை அவள் அந்தக் கையை எடுத்துவிட்டு என்னிடம் பேசினால் போதும், டாக்டர். என்ன பேசவேண்டும் என்பதை நான் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறேன்.