எதிர்ப்பக்கம் சுற்றிய சணல்

எங்கள் வீட்டைச் சூடாக்குகிற ரேடியேட்டர் குழாய் நூற்று முப்பத்தொரு மணி நேரம் சொட்டியது. மணிக்கு முக்கால் லிட்டர். அளந்தது நான்தான். குடிநீர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அளக்காமல் என்னால் இருக்க முடியாது.

நல்ல தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது வருடமாக எட்டு மாடிக்கும் அதே குழாய்களில் ஏறி இறங்குகிற தண்ணீர். கறுப்பாக இருக்கும். அழுகிய முட்டை நாற்றம். தரைப்பலகைக்கு அடியில் போய் மரத்தை வீங்க வைத்தது. நடந்தால் இடுக்கிலிருந்து பிதுங்கி வந்து காலுறையில் ஒட்டும். அம்மாவும் நானும் அந்த ஒரே அறையில்தான் தூங்குகிறோம். மூன்றாம் நாள் தலையணையிலும் அந்த வாடை. நான்காம் நாள் ரொட்டியிலும்.

அந்த இணைப்பைப் போட்டவர் மேஸ்திரி ரதோமிர். குளிர்காலத்துக்காகக் குழாய்களில் சூடு வருவதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பரில் வந்தார். அம்மா முதலில் காப்பி வைத்தாள், பிறகு பிளம் சாராயம் ஊற்றினாள். மேஸ்திரி வந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும். அவர் காப்பித் தட்டில் சிகரெட்டை அணைத்தார். ஒழுகாமலிருக்க மரையில் சுற்றுகிற சணல் நாருக்குப் பசை கொண்டுவரவில்லை. அதனால் நாரில் துப்பினார். எச்சில் மஞ்சளாக இருந்தது. விரலால் தேய்த்துவிட்டு, அதே விரலால் அம்மா வைத்த சீஸ் துண்டை எடுத்துத் தின்றார்.

நாரை, நட்டு முறுக்குகிற பக்கமாகச் சுற்ற வேண்டும். அவர் எதிர்ப்பக்கம் சுற்றினார். முறுக்க முறுக்க நார் பிரிந்து, மீசை மாதிரி வெளியே வந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லவில்லை. அந்நியரிடம் பேசப் போனால் முதல் வார்த்தையிலேயே எனக்கு முகம் சிவந்துவிடும்.

அக்டோபர் பதினைந்தில் சூடு வந்தது. சொட்டத் தொடங்கியது. மூன்றாம் நாள் அவர் வந்து பார்த்தார்.

"நிக்கவே மாட்டேங்குது மேஸ்திரி," என்றாள் அம்மா.

"புதுக் குழாய் கொஞ்சம் அழும் தெசாங்கா அக்கா. கைக்குழந்தை மாதிரி. துரு பிடிச்சுதுன்னா தானே அடைச்சுக்கும்."

அப்போதுதான் வாயைத் திறந்தேன். "நாரை எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கீங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். "உங்க பொண்ணுக்குப் பேச்சு வருமா? நான் ஊமைன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, நீங்க போய் உங்க கண்ணாடிக் குழாய்ல சூப்பு வைங்க. இந்தக் குழாயை நான் பாத்துக்கறேன்."

அம்மா சிரித்தாள். மேஸ்திரி கோபித்துக்கொண்டு போனால் திரும்ப வரமாட்டாரே என்ற சிரிப்பு. அதற்காக அவளை நான் குறை சொல்லவில்லை. போகும்போது அவர் என் முகம் துடைக்கிற துண்டில் கையைத் துடைத்தார். இரண்டு தடவை கொதிக்க வைத்தேன். கறை போகவில்லை.

இருபதாம் தேதி காலை பதினொரு மணிக்கு மறுபடி வந்தார். அவசரத்தில் இருந்தார். இன்னும் மூன்று வீடுகள் ஒழுகிக்கொண்டிருந்தன, எல்லாம் அவர் செய்த வேலை.

"டாக்டரம்மா, சும்மாதானே நிக்கறீங்க. கீழ போய் ஆறாம் நம்பர் வால்வை மூடுங்க. மூடிட்டு, குழாயில மூணு தட்டு தட்டுங்க. எனக்குக் கேக்கும்."

எங்கள் கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான். படியேறி வந்து சொல்வதில்லை. மூன்று தட்டு என்றால் மூடியாயிற்று. இத்தனை வருடத்தில் அதை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

நிலவறைச் சாவி கட்டடச் சங்கத் தலைவர் வுகாஷினிடம் இருந்தது. "நம்பரெல்லாம் நானே பெயிண்ட்ல எழுதியிருக்கேன் கண்ணு," என்றார். "குருடனுக்கும் தெரியும்."

கீழே போனேன். மூன்று தட்டு தட்டினேன்.

அழுத்தத்தில் இருந்த குழாயில் கை வைக்குமுன் வடிகால் திருகைத் திறந்து, தண்ணீர் நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். எந்தக் கையேட்டிலும் இருக்கும். அவர் பார்க்கவில்லை. குழாய்க்கு அடியில் மல்லாந்து படுத்து, வழக்கம்போல வாயைத் திறந்துகொண்டு, நட்டைக் கழற்றினார். அன்று காலை தண்ணீர் எழுபத்தெட்டு டிகிரி. அவருடைய குரல் எனக்குக் குழாய் வழியாகவே கேட்டது. அதன் பிறகு ஒன்பது நாள் உயிரோடு இருந்தார். அவருடைய வேலை எதுவும் அதைவிட அதிக நாள் நின்றதில்லை.

அம்மா அவருடைய காலைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறாள். முழங்கை வரைக்கும் அவளுக்குத் தோல் இல்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அதற்காக வருந்துகிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் காவல் நிலையத்தில் நீங்கள் என்னிடம் அன்பாகத்தான் நடந்துகொண்டீர்கள். தேநீர் கொடுத்தீர்கள். "அழாதேம்மா, பதட்டத்துல யாருக்கும் நடக்கும்" என்றீர்கள். நான் அழவில்லை. கையெழுத்துக்காக என் முன்னால் வைத்திருக்கிற தாளைப் படித்துவிட்டேன். எண்கள் மங்கியிருந்ததால் நான் வேறு வால்வை மூடிவிட்டேன், பராமரிக்காதது வுகாஷினின் குற்றம் என்று இருக்கிறது. அவரும் அதை நம்பிவிட்டார். அடுத்த அறையில் உட்கார்ந்து, தன் பெயிண்டால் ஒரு மனிதன் செத்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சுவர் மெல்லியது, எனக்குக் கேட்கிறது. இந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டால் அவர் சிறைக்குப் போவார், நான் வீட்டுக்குப் போவேன்.

அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. இதில் கையெழுத்துப் போட முடியாது. ஆறு என்பது சிவப்பில், கையகலத்துக்கு, தெளிவாக எழுதியிருந்தது. வால்வும் சுலபமாகத் திரும்பக்கூடியதுதான். பதற்றமும் எனக்கு இல்லை.

நான் எந்த வால்வையும் மூடவில்லை.