வலது தோளில் ஒரு தட்டு

எங்கள் கூடத்தில் வேலை பார்க்கிறவர்களில் சத்தமில்லாத செருப்பு எனக்கு மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள். கம்பளித் துணியில் தைத்தது. வராந்தாவில் எதிரே வருகிறவர்கள் என்னைப் பார்த்துத் திடுக்கிடுவார்கள். மற்றபடி நல்ல செருப்பு. மழைக்கு மட்டும் ஆகாது.

இதிலிருந்து தொடங்குவது சரியா என்று தெரியவில்லை. மாலைக் கல்லூரியில் எங்கள் மொழி ஆசிரியர் தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். என் பக்கங்களின் ஓரத்தில் அவர் அதிகம் எழுதியது "விஷயத்துக்கு வா" என்பதுதான். வருகிறேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று நீங்கள் கொண்டுவந்த அறிக்கையில் எல்லாம் சரியாக இருக்கிறது. தேதி, நேரம், தளத்தின் அளவு, இறந்தவரின் வயது, எதிலும் பிழையில்லை. "ஊழியரின் கவனக்குறைவு" என்று ஓரிடத்தில் இருக்கிறது. அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. "கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போப்பா, உன் மேல பெருசா ஒண்ணும் வராது" என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் இந்த மூன்று வருடத்தில் என்னை யாரும் கவனக்குறைவானவன் என்று சொன்னதில்லை. மந்தம் என்றிருக்கிறார்கள், உம்மணாமூஞ்சி என்றிருக்கிறார்கள். அவற்றை மறுக்க மாட்டேன்.

என் வேலையை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைக்கிறேன். எங்கள் கூடத்துக்கு வருகிறவர்கள் கண்ணை மூடும் பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய படங்களுக்குள் நடப்பார்கள். படத்தில் பார்த்த வீடு, தெரு, தோட்டம் எல்லாம் சுற்றிலும் வந்துவிடும். கேமரா பார்க்காத பக்கத்தை எங்கள் ஆட்கள் ஊகித்து வரைந்திருப்பார்கள். நடக்கிறவருக்கு உள்ளே நந்தவனம். உண்மையில் அது மூன்றாவது மாடியில் பழைய துணிக்கிடங்கு. நந்தவனம் முடியாது, கிடங்கு முடிந்துவிடும். முடிகிற இடத்தில் நான் நிற்பேன். வலது தோளில் ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தோளிலும் தட்டினால் திரும்பு. பேசக் கூடாது, வெளிக்குரல் கேட்டால் படம் கலைந்துவிடுமாம். அதனால்தான் கம்பளிச் செருப்பு. எல்லோரும் என்னைத் "தட்டு" என்றே கூப்பிடுவார்கள்.

கண்ணாடிக்குள்ளேயே எல்லை வரும்போது நீலக் கம்பி தெரிகிற வசதி ஒன்று உண்டு. முதலாளி அதை அணைத்து வைத்துவிட்டார். அழகைக் கெடுக்கிறதாம். "தட்டு இருக்கும்போது கம்பி எதுக்கு?" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. நாட்குறிப்பில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு நாளைக்குச் சராசரியாக இருநூற்றுப் பத்து தட்டு. வில்லனை அறையப் போய்ச் சுவரை அறைந்தவர் உண்டு. கதாநாயகியின் வீட்டுச் சமையலறையில் வாரம் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிற வக்கீல் ஒருவர் உண்டு. அவர்களைப் பார்த்து நான் மனதுக்குள் சிரித்திருக்கிறேன். சிரித்தவன் கதையைக் கேளுங்கள்.

ஓடாத படம் ஒன்றை முதலாளி மலிவாக வாங்கிப்போட்டார். அதில் படகுத்துறைக் காட்சி ஒன்று. படிக்கட்டில் நாற்பது பேர் நிற்பார்கள். மேலிருந்து மூன்றாவது படியில் ஒரு பெண், தோளில் தூங்கும் குழந்தையோடு, பக்கவாட்டில் மூன்று விநாடி தெரிவார். என் அம்மா அந்தப் படத்தில் கூட்டத்தில் நிற்கப் போனார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு நான்கு வயதாகும்போது அம்மா போய்விட்டார். வீடு மாறியபோது புகைப்படங்கள் இருந்த பெட்டியும் போனது. எனக்கு அம்மாவின் முகம் தெரியாது. ஆகவே மூன்றாவது படியில் நிற்பவர் அம்மா என்றும் தோளில் தூங்குவது நான் என்றும் முடிவு செய்தேன். அக்காவிடம் சொன்னேன். அவள் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அவள் ஒன்று சொன்னாள். அதைப் பிறகு எழுதுகிறேன்.

வேலை முடிந்ததும் தினமும் இருபது நிமிடம் கண்ணாடி மாட்டிக்கொண்டு அந்தப் படியில் போய் நிற்பேன். எனக்குத் தட்ட ஆள் இல்லை என்பதால் அடி எண்ணித்தான் நடப்பேன். அவர் முகத்தின் வலப்பாதியைத்தான் கேமரா பார்த்திருக்கிறது. இடப்பாதி எங்கள் ஆட்கள் ஊகித்தது. நான் அதிகம் பார்த்தது இடப்பாதியைத்தான். அதில்தான் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. அன்றன்று கல்லூரியில் நடந்ததை அவரிடம் சொல்வேன். தேர்வில் முப்பத்தெட்டு வாங்கியதைச் சொன்னபோதும் அதே சிரிப்புதான். அப்படி ஒரு அம்மா யாருக்குக் கிடைப்பார்?

இப்போது டாக்டர். அவர் மருத்துவர் அல்ல, காட்சிகளைத் திருத்துகிற பெண்மணி. கூட்டம் அதிகமானால் கணினி திணறும். யாரும் கவனிக்காத ஆட்களைக் கூட்டத்திலிருந்து எடுத்துவிடுவார். அதை ஆபரேஷன் என்பார். நாங்கள் டாக்டர் என்றோம். நல்லவர் என்பதை எழுதியே ஆக வேண்டும். தன் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் தள்ளிவிடுவார். "தட்டிக்கிட்டே கிழவனாயிடாத தட்டு, நான் இந்த வேலையக் கத்துத் தரேன்" என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார். இரண்டு முறைக்கும் தேதி என்னிடம் இருக்கிறது.

புதன்கிழமை சாப்பிடும்போது, சனிக்கிழமை படகுத்துறைக்கு ஆபரேஷன் என்றார். நாற்பது பேரில் இருபத்தெட்டுப் பேர் போகிறார்கள். மூன்றாவது படி முழுசாகக் காலி. அம்மா கதையைச் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை, கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் செய்யவில்லை. கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இத்தனை நாளா சொல்லவே இல்லையேடா. முதலாளி எண்ணிக்கையக் குறைக்கச் சொல்றாரு, நான் என்ன பண்ணட்டும்? சரி, எடுக்கறதுக்கு முன்னாடி உள்ள போய் அவங்க முகத்தப் பக்கத்துல ஒரு தடவ பாத்துடறேன். பாக்காம எடுத்தா எனக்கே மனசு கேக்காது."

அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அதை வைத்துத்தான் மற்றதை யோசித்தேன்.

அந்த வாரம் கூடத்தில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. இரண்டு அறைகளை ஒன்றாக்க நடுத்தடுப்பை எடுத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் இருந்த சரக்கு லிஃப்டின் வாசல் வெளியே வந்துவிட்டது. லிஃப்ட் கீழே பழுதாகிக் கிடந்தது. கதவைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு. வாடிக்கையாளர்களை அந்த வாரம் அங்கே விடவில்லை. எங்கள் ஆட்கள் சோதனைக்கு மட்டும் போவார்கள், தட்டு இருக்கும் தைரியத்தில்.

வெள்ளிக்கிழமை மாலை வகுப்புக்குப் போவதற்கு முன்பு அளவுநாடாவால் அளந்தேன். கூடத்தின் நடுவிலிருந்து லிஃப்ட் வாசல் பதினோரு அடி. படத்தில் நடுவிலிருந்து மூன்றாவது படி பதினான்கு அடி. இதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். ஏன் அளந்தேன் என்று எழுதவில்லை. ஆசிரியர் பார்த்திருந்தால் ஓரத்தில் கேட்டிருப்பார்.

சனிக்கிழமை காலை இரண்டு வேலை செய்தேன். கூடத்தின் நடுவில் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு அம்புக்குறி இருக்கும். அதன்மேல் நின்று கண்ணாடியை மாட்டினால் அம்பு காட்டும் திசையில் காட்சி விரியும். அம்புக்குறி போடுவது என் பொறுப்பு. பழையது மங்கியிருந்தது, துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். பழையது ஜன்னல் பக்கம் பார்த்திருந்தது. புதியது லிஃப்ட் பக்கம் பார்த்தது. இரண்டாவது, கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன். தடுக்கி விழுந்துவிடுவாரோ என்றுதான். இந்த வரியை எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது, மன்னிக்கவும்.

இவ்வளவு செய்த பிறகும் நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். அவர் அம்மாவை எடுக்கப்போகிறார் என்றால் ஒரு மாதிரி, எடுக்கவில்லை என்றால் ஒரு மாதிரி என்று வைத்திருந்தேன். தட்டுவதும் தட்டாததும் அவர் கையில்தான் இருந்தது. நியாயமான ஏற்பாடு என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

பத்தே காலுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டு டோக்கன் வாங்கிக்கொண்டார். எங்கள் ஆட்களுக்கும் அதே விதிதான். அம்பின்மேல் நின்றார். "தட்டு, பக்கத்துலயே இரு. இந்தப் படியெல்லாம் பாத்தா எனக்குத் தலை சுத்தும்" என்றார். கண்ணாடி மாட்டிக்கொண்டவருக்குப் பதில் சொல்லக் கூடாது. தோளை லேசாகத் தொட்டுக் காட்டினேன்.

மெதுவாக நடந்தார். இரண்டடி. நான்கடி. நான் வலது கைப்பக்கம், ஒரு முழம் பின்னால். ஏழாவது அடியில் நின்றார்.

"இவங்கதானா? பாவம், எவ்வளவு அமைதியா நிக்கறாங்க" என்றார். பிறகு, "சரி விடு. இவங்கள எடுக்கல. ஒரு ஆளால கணினி ஒண்ணும் செத்துடாது. முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

ஐயா, நான் கேட்டது கிடைத்துவிட்டது. கையைத் தூக்கினேன். அவர் தோளுக்கும் என் விரலுக்கும் நடுவில் நான்கு விரற்கடைகூட இல்லை.

அவர் இன்னும் இரண்டடி போனார். "ஆனா தட்டு, சொன்னா கோவிச்சுக்காத. உன் சாயல் துளிகூட இல்லையே. இந்தக் குழந்த..." குனிந்து பார்த்தார். "அட, இது பொம்மைடா. கண்ணு பெயின்ட் அடிச்சது." அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இன்னும் நன்றாகப் பார்க்க முன்னால் ஓரடி வைத்தார். பிறகு இன்னொன்று.

என் விரலில் சுண்ணக்கட்டித் தூள் ஒட்டியிருந்தது. அவருடைய வெள்ளை மேலங்கியில் பட்டால் தெரியாதுதான். ஆனாலும் கையை இறக்கி என் கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அவர் கத்தவில்லை. படத்தில் அந்த இடத்தில் படகு கிளம்பும் மணி அடிக்கும். அது கண்ணாடிக்குள் மட்டும்தான் கேட்கும். கடைசியாக அவர் கேட்டது அதுவாக இருக்கலாம். நான் நேரம் பார்த்தேன்: பத்து இருபத்திரண்டு. கயிற்றை மறுபடியும் கட்டினேன். அம்பை ஜன்னல் பக்கமாக மாற்றினேன். அதன் பிறகுதான் கத்தினேன். மூன்று வருடத்தில் அந்தக் கூடத்துக்குள் நான் எழுப்பிய முதல் சத்தம். நன்றாக வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் கணவர் செருப்பை வாங்க வந்தார். டோக்கன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம். அவர் சட்டைப்பைகளில் தேடினார். தேடி முடிக்கும்வரை நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அம்மாவைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று இந்தத் தாளின் நடுவில் எழுதலாம் என்றிருந்தேன். முதல் பிரதியில் அப்படித்தான் எழுதினேன். திருப்பிப் படித்தபோது கணக்கு உதைத்தது. அம்மாவை எடுக்கவில்லை என்று அவர் சொன்ன பிறகுதானே நான் கையை இறக்கினேன்?

அக்கா சொன்னதைப் பிறகு எழுதுகிறேன் என்றேனே, அது இதுதான்: "அம்மா ஷூட்டிங்குக்குப் போனது நெஜம்டா. ஆனா வெயில் தாங்காம மத்தியானமே திரும்பி வந்துட்டாங்க. படகுத்துறை எடுத்தது சாயங்காலம். அன்னிக்குப் பூரா நீ என் இடுப்புலதான் இருந்த. எவளோ ஒருத்திய அம்மாங்கற." இதைக் கேட்டது எட்டு மாதத்துக்கு முன்பு. அன்றைய நாட்குறிப்பில் எழுதி, மேலே ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறேன். அடித்த வரியும் படிக்கிற மாதிரிதான் இருக்கிறது. அக்காவோடு அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. நம் கூடத்துக்கு வந்து பாரேன் என்று மட்டும் நான் இரண்டு முறை கூப்பிட்டேன். அவளுக்குக் கண்ணாடி என்றாலே தலைவலி. தப்பித்தாள்.

ஆக, அறிக்கையில் "கவனக்குறைவு" என்பதை அடித்துவிட்டு, அளந்து, அம்பை மாற்றி, கயிற்றை அவிழ்த்து, தெரிந்தே தட்டாமல் விட்டான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். வழக்கு முடியும்வரை அந்தக் காட்சியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று நீங்களே உத்தரவு போட்டிருக்கிறீர்கள். நாற்பது பேரும் இன்னும் அப்படியே நிற்கிறார்கள். கோப்பை மூடுவதற்கு முன் ஒருமுறை கண்ணாடி மாட்டிக்கொண்டு மூன்றாவது படிக்குப் போய்ப் பாருங்கள். மூக்கிலாவது என் சாயல் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். பயப்பட வேண்டாம், ஐயா. பக்கத்தில் நின்று நானே தட்டுகிறேன்.