கேனில் இருப்பது

"நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள் மேடம். எழுதியதில் ஒரு பிரதி எனக்கும் வேண்டும்" என்று ஆரம்பித்தேன்.

வேலை செய்யும் இடத்தில் இதை மட்டும் கேட்டுவிடாதே என்பது அம்மா எனக்குச் சொல்லித் தந்த ஒரே பாடம். "எவங்கிட்டயும் எழுதிக் குடுன்னு கேக்காதடி. கேட்டா உன்னத்தான் முதல்ல பாப்பாங்க." அவள் ஒரு முறை கேட்டுப் பார்த்தவள்.

ஸ்ரீலக்ஷ்மி மேடம் பேனா மூடியைத் திறந்தார். மும்பை தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர். எங்கள் தளேகாவ் பீர் ஆலையில் கேன்டீன் பவுன் அக்காவை விசாரிக்கத் தமிழ் தெரிந்த அதிகாரி தேவைப்பட்டதால் இவரை அனுப்பியிருந்தார்கள்.

"ப்ரீத்திதானே? என்ன படிச்சிருக்கே?"

"எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எங்க வீட்ல காலேஜ் வாசல் மிதிச்சது நான்தான் முதல்."

"வெரி குட். சொல்லும்மா."

சொன்னேன். உங்களுக்கும் அதே வரிசையில் சொல்கிறேன்.

பீர் குடிப்பவர்களுக்கு நாக்கு கிடையாது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. ஆறு மாதம் சிஞ்ச்வட்டிலும் ஹடப்சரிலுமாக இருநூற்று ஆறு பேரை உட்கார வைத்துப் பரிசோதித்துவிட்டுச் சொல்கிறேன். பாட்டிலா டின்னா என்று கேட்டால் சிஞ்ச்வட் பட்டறைக்காரர்கள் யோசிக்காமல் பாட்டில் என்பார்கள். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியுமாம். ஹடப்சர் ஐ.டி. பையன்கள் டின் என்பார்கள். லேப்டாப் பையில் வைத்து லிஃப்டில் ஏறினாலும் சத்தம் கேட்காது. அடுக்குமாடி சொசைட்டி ஆண்ட்டிகளுக்குத் தெரியாது. சுவைதான் காரணம் என்று மட்டும் இரண்டு கட்சியும் சத்தியம் செய்யும். அதே ஆட்களுக்கு மூடி போட்ட கறுப்பு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் பாதிப் பேர் தப்பாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

அறிக்கையை ஹெர்பர்ட் சாரிடம் கொடுத்தேன். அவர் எங்கள் தரக்கட்டுப்பாட்டுத் தலைவர். நான்கு தலைமுறையாகப் புனே கேம்ப் வட்டாரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அவருடைய தமிழில் ஊர்ப்பட்ட மொழியும் கலந்திருக்கும்.

"அரே ப்ரீத்தி, க்யா ரிப்போர்ட் இது? டின்ல குடிச்சா பத்ரா வாசனை வரும், ஆங்? சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும்." தகரத்தை இங்கே பத்ரா என்பார்கள். "நீ ஒரு சொட்டு குடிச்சிருக்கியா லைஃப்ல? நஹீ நா? அப்புறம் கிராஃப் போட்டு எனக்கு பீர் சொல்லித் தர்ற. எனக்கு நீ டெஸ்ட் வை. எல்லார் முன்னாடியும் வை. நான் சொல்லிக் காட்டறேன்."

ஆக, பரிசோதனையைக் கேட்டது அவர்தான். இதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். மேடம் எழுதினார்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் ஹெர்பர்ட் சார் இதே ஆலையில் ஷிஃப்ட் மேனேஜர். அம்மாவுக்கும் இங்கேதான் வேலை; வெள்ளை விளக்குக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். திரும்பி வரும் காலி பாட்டில்களைக் கழுவி வரிசையாக அனுப்புவார்கள். உள்ளே சிகரெட் துண்டோ கரப்பானோ இருந்தால் அந்தப் பாட்டிலை எடுத்துவிட வேண்டும். அம்மா பேர் விசாலம். கண்ணு விசாலமா இருக்கறதாலதான் இங்க உக்கார வெச்சிருக்கோம் என்று அவர் ஜோக் அடிப்பாராம். பண்டிகைக்கு முந்திய ஒரு வாரம், நிமிடத்துக்குத் தொண்ணூறு பாட்டில் ஓடும் வரிசையை அவர் நூற்று நாற்பதாக ஏற்றினார். யார் வீட்டிலோ ஃபினாயில் ஊற்றி வைத்திருந்த ஒரு பாட்டில், கழுவியும் வாடை போகாமல், அம்மா கண்ணுக்குத் தப்பிப் போய்விட்டது. ஒரு தாபாவில் ஒருவர் குடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மராத்தியில் டைப் அடித்த தாள் ஒன்றை ஹெர்பர்ட் சார் அம்மாவிடம் நீட்டினார். "சும்மா ஃபார்மாலிட்டிக்கா, போடுங்க" என்றார். அம்மா படிக்கத் தெரியாமலே கையெழுத்துப் போட்டாள். வேலைநேரத்தில் தூங்கிவிட்டேன் என்று அதில் இருந்தது. மறுநாள் விஷயம் தெரிந்து, ஒரு பிரதி எழுதித் தாங்க என்று கேட்கப் போனாள். கேட்டைத் தாண்ட விடவில்லை. இப்போது சிஞ்ச்வட்டில் ஒரு சொசைட்டியில் சமையல் செய்கிறாள். அவளுக்கு அவர்மேல் கோபம் இல்லை. "அந்தாளு தீவாளிக்கு மறக்காம ஸ்வீட் குடுப்பாரு" என்கிறாள். கோபப்படக்கூட அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதையும் நானே பட வேண்டியிருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது நான் யார் மகள் என்று அவருக்குத் தெரியவில்லை. சொன்னேன். "அச்சா? விசாலம் பொண்ணா? வெரி ஸ்வீட் லேடி" என்றார். அவ்வளவுதான்.

பாட்டில் கழுவும் காஸ்டிக் சோடாக் காரநீர்த் தொட்டியிலிருந்து தினமும் காலையில் ஒரு வெள்ளைக் கேனில் மாதிரி எடுத்து வருவது என் வேலை. புதிதாக இருக்கும்போது அது தண்ணீர் மாதிரிதான். நூற்றுக்கணக்கான லேபிள்களின் பசையும் சாயமும் கரைந்த பிறகு மஞ்சள் பழுப்பாகிவிடும். ஆட்டினால் நுரைக்கும். எச்சரிக்கைச் சீட்டு ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கும்.

பவுன் அக்கா கேன்டீனில் டீ போடுபவர். ஆரணிப் பக்கம். புனேக்கு வந்து நான்கு மாதம். பரிசோதனை அன்றைக்கு ஊற்றிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று நான்தான் அவரைக் கேட்டு வாங்கினேன். எது ஜெயித்தாலும் கவலையில்லாத வெளியாள் ஊற்றினால்தான் பரிசோதனை சுத்தமாக இருக்கும் என்று காரணம் எழுதினேன். அது உண்மையான காரணம்தான். எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கும்.

டின்களை ஃபிரிட்ஜில் வைத்துப் பூட்டினேன். அந்த வெள்ளைக் கேனைக் குளிரவைத்து, திரைக்குப் பின்னால் மேஜைமேல் வைத்தேன். பிறகு ஹெர்பர்ட் சாரும் அவரோடு ருசி பார்க்க வந்த மற்ற ஐந்து பேரும் கேட்கவே சொன்னேன். "அக்கா, ஒரு டம்ளர்ல பாட்டில்ல இருக்கிறது. இன்னொண்ணுல கேன்ல இருக்கிறது. எதை முதல்ல குடுக்கறதுன்னு உங்க இஷ்டம்."

அதில் ஒரு வார்த்தை தப்பில்லை. பீர் டின்னை அலுவலகத்தில் எல்லாரும் கேன் என்றும் சொல்வார்கள். கேன் சேல்ஸ், கேன் லைன். பவுன் அக்காவுக்கு அது டின். அவர் ஊரில் கேன் என்றால் தண்ணீர்க் கேன், மண்ணெண்ணெய்க் கேன். என் வீட்டிலும் அப்படித்தான். இந்த ஆலையில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

பவுன் அக்கா கேனைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். "எங்க ஊர்லயும் சரக்கு கேன்லதாம்மா வரும்."

ஹெர்பர்ட் சார் கண்ணைக் கட்டிக்கொண்டார். முதல் டம்ளரை ஒரே மடக்கில் முடித்து, "பாட்டில்! க்யா போலா மைனே, சொன்னேன்ல?" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் சப்பிப் பார்க்கிற ஆள் இல்லை. துப்பறவன் டீ டேஸ்டிங்குக்குப் போகட்டும் என்பது அவருடைய வழக்கமான வசனம். எனக்கு அது தெரியும். இரண்டாவதையும் அப்படியே மடக்கினார். அது பத்ரா இல்லை என்று அவருக்கு உடனே தெரிந்திருக்க வேண்டும்.

அவருக்கு இப்போது வயிற்றில் குழாய் வைத்து ஊட்டுகிறார்கள். பேச்சு வருமா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. பாட்டிலா டின்னா என்ற கேள்வி அவருக்கு இனி எழாது.

"மத்தவா?" என்று கேட்டார் மேடம். "இன்னும் அஞ்சு டம்ளர் இருந்ததே?"

"அவர்தான் எப்பவும் முதல்ல குடிப்பார் மேடம்."

"நிக்கோல்னு ஒரு டிரெய்னிக்கு உதடு வெந்திருக்கு."

"அவ அவசரப்பட்டுட்டா. அது நான் நினைச்சது இல்ல."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். எனக்கு எதிரே எழுதிய பக்கம் ஒன்று இருந்தது. தமிழில், வட்ட வட்டமான நல்ல கையெழுத்து.

"நீ சின்னப் பொண்ணு. இதை ஃபைல்ல சேர்த்தா அடுத்த போன் போலீசுக்குத்தான். சேர்க்கலேன்னா பாஷைக் குழப்பம்னு ஒரு பக்கத்துல முடியும். கம்பெனிக்கும் அதான் தேவலை. அந்தக் கேன்டீன் அம்மாவோட பேப்பர் ரெடியா இருக்கு, கையெழுத்துதான் பாக்கி. என்ன பண்ணட்டும், சொல்லு. புரியறதா?"

"பிரதி கேட்டேனே மேடம்."

"ஜெராக்ஸா?"

"வேண்டாம். இதுவே போதும்."

மேடம் நோட்டை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார்; ஃபைலில் வைக்க வேறு பிரதி இல்லை. நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதே பையில் காலையிலிருந்து இருந்த ராஜினாமாக் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஹடப்சரில் வேறொரு ஆய்வகத்தில் திங்கட்கிழமை சேர வேண்டும். அந்த வேலையைப் போன மாதமே ஒப்புக்கொண்டிருந்தேன்.

வெளியே பெஞ்சில் பவுன் அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"எல்லாம் சொல்லிட்டியாம்மா? நீ சொன்னதத்தான நான் ஊத்துனேன்?"

"சொல்லிட்டேன்கா. ஒண்ணு விடாம சொல்லிட்டேன்."

"நல்லா இரும்மா." கையில் ஒரு தாள் வைத்திருந்தார். "இதுல கையெழுத்துப் போடச் சொல்றாங்க. என்னா போட்டிருக்குதுன்னு பாரு. நீ படிச்ச புள்ள."

மராத்தியில் இருந்தது. நான் பத்தாவது வரை முனிசிபல் பள்ளியில் மராத்தியில் படித்தவள். அரை நிமிடம் ஆனது. பணிநேரத்தில் பீரைக் குடித்து, போதையில் கேனை மாற்றி எடுத்ததாக ஒப்புக்கொள்கிறேன் என்று இருந்தது.

"சும்மா ஃபார்மாலிட்டிக்கா" என்றேன். "போடுங்க."

அவரிடம் பேனா இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாக வரைகிற மாதிரி தன் பெயரைப் போட்டார். பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தேன். ஸ்டேஷனுக்குப் பத்து நிமிடம்தான். வெயில் இருந்தாலும் ஆட்டோ எடுக்கவில்லை. மனசு லேசாக இருந்தது. படிக்கத் தெரியாத ஒரு பெண்ணை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியவனை யாராவது ஒருத்தர் கேட்க வேண்டாமா? நான் கேட்டுவிட்டேன்.